போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுப்பது எப்படி: முதல் முறை போகிறவர்களுக்கு

"எங்க குடும்பத்துல யாரும் ஸ்டேஷன் வாசலை மிதிச்சதே இல்ல" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். அதனால் என் பைக் திருட்டுப் போன அன்று என்ன செய்வதென்றே தெரியவில்லை. எப்படியோ தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போனேன், அங்கிருந்தவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு "சரி தம்பி, வண்டி நம்பரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, கிடைச்சா கூப்பிடுறோம்" என்றார், நானும் எல்லா விவரத்தையும் ஒப்பித்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் நம்பரை எழுதி வைத்துவிட்டு வந்தேன். புகார் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்து வீட்டில் நிம்மதியாகத் தூங்கினேன். பத்து நாள் கழித்து இன்சூரன்ஸ் ஆபீஸில் எஃப்.ஐ.ஆர். காப்பி கேட்டபோதுதான் விஷயம் உறைத்தது: நான் புகாரே கொடுக்கவில்லை. என்னிடம் ஒரு காகிதம் இல்லை, அவர்களிடமும் ஒரு பதிவு இல்லை.

அதற்குப் பிறகு எனக்காகவும், தெரிந்தவர்களுக்காகவும் பல முறை போய் வந்துவிட்டேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் முதல் முறை போகிறவர் எங்கே சறுக்குவார் என்று இப்போது நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதுகிறேன், சட்டம் மட்டும் நாடு முழுவதற்கும் ஒன்றுதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டங்கள் மாறிவிட்டன. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. பெயர் வாயில் நுழைய நாளாகும், பரவாயில்லை. 420, 302 என்று சினிமாவில் கேட்டுப் பழகிய எண்களெல்லாம் இப்போது வேறு; ஏமாற்றியவனைத் திட்ட 420 என்கிறோமே, அந்தக் குற்றம் இப்போது 318-க்குள் இருக்கிறது. உங்கள் சம்பவம் ஜூலை 1-க்கு முன்னால் நடந்தது என்றால் குற்றப் பிரிவு மட்டும் பழைய சட்டப்படியே வரும். எந்தப் பிரிவு என்பது நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயமே இல்லை, அது அவர்கள் வேலை.

முதலில், இது போலீஸ் விஷயம்தானா?

பாதிப் பேர் திரும்பி வருவது இங்கேதான். நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணம் வரவில்லை, வீட்டு ஓனர் அட்வான்ஸைத் தர மாட்டேன் என்கிறார், அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரச்சினை: இவையெல்லாம் சிவில் கோர்ட் விவகாரம். "கூப்பிட்டு மிரட்டி வாங்கித் தருவாங்க" என்று யாராவது சொல்வார்கள், அதற்குப் பெயர் கட்டப்பஞ்சாயத்து, இன்று உங்களுக்காக நடப்பது நாளை உங்களுக்கு எதிராகவும் நடக்கும். ஆனால் அதே நிலத்தை யாராவது போலிப் பத்திரம் போட்டு விற்றிருந்தால் அது குற்றம், அதற்கு மாவட்டத்தில் நில மோசடிகளைப் பார்க்கிற தனிப் பிரிவே இருக்கிறது. கடனும் அப்படித்தான். வாங்கும்போதே ஏமாற்றுகிற எண்ணத்தோடு பொய் சொல்லி வாங்கியிருந்தால் மோசடி, வாங்கிவிட்டுக் கொடுக்க முடியாமல் போனால் சிவில். இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் ஸ்டேஷனில் பெரிய வாக்குவாதமே நடக்கும்.

செக் பவுன்ஸ் ஆனதற்கும் ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் உண்டு. அது கோர்ட்டில் நேரடியாகப் போடுகிற வழக்கு. பேங்க் செக்கைத் திருப்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஸ்டேஷனுக்கு நடந்து நடந்து இந்தக் கெடுவைக் கோட்டைவிட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். வாங்கிய பொருளில் குறை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

சரி, குற்றம்தான் என்று வைத்துக்கொள்வோம். அதிலும் இரண்டு வகை உண்டு. திருட்டு, வழிப்பறி, மோசடி, பாலியல் குற்றங்கள் போன்ற பலவற்றில் போலீஸ் கோர்ட்டைக் கேட்காமல் தானாகவே வழக்குப் போட்டு விசாரிக்கலாம். இதைத்தான் காக்னிசபிள் என்கிறார்கள். அவதூறு, காயம் பெரிதாக இல்லாத சின்ன அடிதடி போன்றவை இன்னொரு வகை, அதில் நீதித்துறை நடுவரின் (மாஜிஸ்திரேட்) உத்தரவு இல்லாமல் விசாரிக்க முடியாது. புதுச் சட்டத்தில் ஒரு விசித்திரம்: சாதாரணத் திருட்டில் போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் என்றால் அது இரண்டாவது வகைக்குப் போய்விடும். பழைய போன் திருட்டுப் போனால் "மதிப்பு என்ன?" என்று ஏன் அவ்வளவு அழுத்திக் கேட்கிறார்கள் என்று இப்போது புரியும். வீட்டுக்குள் புகுந்து எடுத்தாலோ கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினாலோ அது தனிக் குற்றம், இந்த 5,000 ரூபாய்க் கணக்கு அங்கே வராது.

அவசரம் என்றால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். 112-க்கு அடியுங்கள். குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் 1098, பெண்கள் உதவிக்கு 181. பேங்க் கணக்கிலிருந்தோ யு.பி.ஐ. மூலமாகவோ பணம் போயிருந்தால் ஸ்டேஷனுக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஆட்டோவில் போய்க்கொண்டேயாவது, 1930-க்கு அடித்துவிடுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் நடுவழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ஸ்டேஷனெல்லாம் அப்புறம்.

எந்த ஸ்டேஷன்?

சம்பவம் நடந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ அங்கே போவதுதான் வசதி, வேலை சீக்கிரம் நடக்கும். ஆனால் "இது எங்க லிமிட் இல்ல, அங்க போங்க" என்று உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்யலாம் என்று புது நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம்: பூஜ்யம் எண் போட்டுப் பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். ரயிலில் வரும்போது பை திருட்டுப் போய்விட்டது, எந்த ஊர் தாண்டியபோது என்றே தெரியாது என்றால் இறங்குகிற இடத்து ரயில்வே போலீஸில் கொடுத்துவிடலாம்.

கணவன் வீட்டுக் கொடுமை போன்றவற்றுக்கு அனைத்து மகளிர் காவல் நிலையம் உண்டு. பாலியல் குற்றம் பற்றிப் பெண் புகார் கொடுத்தால் பெண் அதிகாரிதான் எழுதிக்கொள்ள வேண்டும், அது எந்த ஸ்டேஷனாக இருந்தாலும். அப்படிப்பட்ட புகாரைப் பதிய மறுக்கிற அதிகாரிக்கே சிறைத் தண்டனை உண்டு, பாரதிய நியாய சன்ஹிதா 199-ஆம் பிரிவு. இந்த எண் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

மனு எழுதுவது

வாயால் சொன்னாலே போதும், அவர்கள் எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும் என்பதுதான் சட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் உங்களால் எழுத முடியும் என்றால் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். அங்கே உட்கார்ந்து, பக்கத்தில் யாரோ அழுதுகொண்டிருக்க, வாக்கி டாக்கி கரகரத்துக்கொண்டிருக்க, ரைட்டர் (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர்) "சீக்கிரம் சொல்லுங்க" என்று சொல்லச் சொல்ல எழுதுகிற மனு நன்றாக வராது.

பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதிய அதே வடிவம்தான். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், விஷயம், இப்படிக்கு. பெறுநர் என்ற இடத்தில் "காவல் ஆய்வாளர் அவர்கள்" என்று போட்டு ஸ்டேஷன் பெயர். ஆய்வாளரின் பெயர் தெரிய வேண்டியதில்லை.

விஷயத்தை எழுதும்போது நேரத்தின் வரிசையில் எழுதுங்கள். நான் முதலில் எழுதிய மனு நான்கு பக்கம், அதில் அந்த பைக்கை நான் எவ்வளவு கஷ்டப்பட்டு தவணை கட்டி வாங்கினேன் என்பதற்கே ஒன்றரைப் பக்கம். ஏட்டையா படித்துவிட்டு, "வண்டி எப்ப நிறுத்துனீங்கன்னு எங்கயுமே இல்லையே" என்றார். அவமானமாக இருந்தது, ஆனால் அவர் கேட்டது நியாயம். வேண்டியதெல்லாம் இப்படி ஒரு வாக்கியம்தான்: "05.03.2025 அன்று இரவு சுமார் 9.30 மணிக்கு எனது வீட்டின் முன் நிறுத்திப் பூட்டிவிட்டுச் சென்றேன், மறுநாள் காலை சுமார் 6 மணிக்கு வந்து பார்த்தபோது வாகனத்தைக் காணவில்லை." அந்த "சுமார்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். சரியாக 9.30 என்று எழுதிவிட்டு, பிறகு கேமராவில் 9.50 என்று இருந்தால் எதிர்த் தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார்.

எதிரி யாரென்று தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் "அடையாளம் தெரியாத நபர்". சந்தேகம் மட்டும் என்றால் "சந்தேகிக்கிறேன்" என்றே எழுதுங்கள், அடித்துச் சொல்லாதீர்கள். ஒருவரை மாட்டிவிட வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுப்பதும் குற்றம்தான், கோபத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் மாமனார் வரை இழுத்துப்போட்டு எழுதுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. உண்மையில் அங்கே இருந்தவர்களை மட்டும், அவர்கள் செய்ததை மட்டும், யார் என்ன சொன்னார்கள் என்பதோடு எழுதினால் புகாருக்கு வலு கூடும். அசிங்கமாகத் திட்டியிருந்தால் என்ன வார்த்தை என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும், "ஆபாச வார்த்தைகளால் திட்டினார்" என்று பொதுவாக எழுதுவதைவிட அந்த வார்த்தையையே எழுதினால்தான் பின்னால் நிற்கும் என்று எனக்குத் தெரிந்த வக்கீல்கள் சொல்வார்கள்.

சாட்சிகள் யார், என்ன பொருள் போனது, மதிப்பு எவ்வளவு, கடைசியில் என்ன நடவடிக்கை கேட்கிறீர்கள். ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. தாமதமாகப் போகிறீர்கள் என்றால் ஏன் தாமதம் என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள், ஆஸ்பத்திரியில் இருந்தேன், மிரட்டினார்கள், உறவினர்கள் பேசித் தீர்க்கலாம் என்றார்கள், எதுவோ அது. கோர்ட்டில் முதலில் விழுகிற கேள்வியே அதுதான்.

எல்லா விவரமும் ஞாபகம் வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். ஒரு கலைக்களஞ்சியம் அல்ல என்று கோர்ட்டே பல தடவை சொல்லியிருக்கிறது. விட்டுப்போனதை விசாரணையில் சொல்லிக்கொள்ளலாம்.

அடிபட்டிருந்தால் முதலில் அரசு ஆஸ்பத்திரி. அங்கே போட்டு வைக்கிற ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவில் யார் எதால் அடித்தார்கள் என்று நீங்கள் சொல்வதை டாக்டர் எழுதிக்கொள்வார், அங்கிருந்தே ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். "கீழே விழுந்துட்டேன்" என்று வெட்கப்பட்டுச் சொல்லிவிட்டு மறுநாள் ஸ்டேஷனில் அடித்தார்கள் என்று எழுதினால் அந்த ஒரு வரியே வழக்கைக் கவிழ்த்துவிடும்.

மொத்தம் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று அவர்களுக்கு, ஒன்று முத்திரை வாங்க, ஒன்று வீட்டில் இருக்க. ஒரிஜினல் ஆவணம் எதையும் மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

உள்ளே போனதும்

வாசலில் பாரா நிற்பவர் கேட்பார், சொல்லுங்கள். பிறகு வரவேற்பு மேசை, அல்லது ரைட்டர். ஆய்வாளர் இல்லையென்றால் பந்தோபஸ்துக்குப் போயிருப்பார், மந்திரி வந்திருப்பார், திருவிழாவாக இருக்கும். அவர் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்று இல்லை. அந்த நேரத்தில் யார் பொறுப்பில் இருக்கிறாரோ, சார்பு ஆய்வாளரோ அவருக்கு அடுத்தவரோ, அவர் வாங்கலாம். தனியாகப் போகாதீர்கள், ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பத்துப் பேராகவும் போகாதீர்கள், அது வேறு மாதிரி பார்க்கப்படும். மரியாதையாகப் பேசுங்கள். சட்டப் பிரிவுகளை எடுத்த எடுப்பில் வீச வேண்டாம், அதற்கு நேரம் வரும்.

பேப்பர் வாங்கிக் கொடுங்கள், டீ வாங்கி வாருங்கள் என்பது சில இடங்களில் இன்னும் இருக்கிறது. புகார் பதியக் கட்டணம் கிடையாது, எஃப்.ஐ.ஆர். காப்பியும் இலவசம்.

சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு இடத்தை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மனுவை வாங்கிக்கொண்டதும் நம்மூரில் ஒரு ரசீது தருவார்கள், அதுதான் சி.எஸ்.ஆர்., சமுதாயப் பணிப் பதிவேடு. அதில் ஒரு எண், தேதி, ஸ்டேஷன் முத்திரை இருக்கும். இதைக் கையில் வாங்கியதும் "கேஸ் போட்டாச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள். கேஸ் போடவில்லை. உங்கள் மனு வந்து சேர்ந்தது, விசாரிக்கப் போகிறோம் என்பதற்கான அத்தாட்சிதான் அது. எதிர்த் தரப்பை வரச்சொல்வார்கள், இரண்டு பக்கமும் பேசுவார்கள், சில நேரம் சமாதானமாக முடியும், சில நேரம் அப்படியே ஆறிப்போகும்.

எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை, போட்டால்தான் வழக்கு. அதற்குக் குற்ற எண் உண்டு, பிரிவுகள் உண்டு, அது கோர்ட்டுக்குப் போகிறது. இன்சூரன்ஸ்காரரும் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்.

அப்படியானால் எப்போது எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும்? மனுவைப் படித்தாலே காக்னிசபிள் குற்றம் தெரிகிறது என்றால் பதிவு செய்வது கட்டாயம், அதிகாரியின் இஷ்டம் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013-இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. குடும்பத் தகராறு, வியாபாரத் தகராறு, மருத்துவ அலட்சியம், ரொம்ப நாள் தாமதமான புகார் போன்ற சிலவற்றில் மட்டும் முதலில் விசாரித்துப் பார்க்கலாம் என்று இடம் விட்டது. புதுச் சட்டம் அந்த இடத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தியிருக்கிறது: மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் கீழ் வரை தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம். என் அபிப்பிராயத்தில் இது புகார்தாரருக்கு அவ்வளவு நல்லதல்ல, ஆனால் ஒரு கெடு இருக்கிறது என்பதைப் பிடித்துக்கொள்ளலாம். சி.எஸ்.ஆர். வாங்கி 14 நாள் தாண்டியும் சத்தமே இல்லை என்றால் ரசீதோடு போய் "விசாரணை முடிஞ்சுதா சார், எஃப்.ஐ.ஆர். உண்டா இல்லையா" என்று நேரடியாகக் கேளுங்கள்.

வெளியே வரும்போது கையில் இந்த இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். துண்டுச் சீட்டு இல்லை, "போன் பண்றோம்" இல்லை.

எஃப்.ஐ.ஆரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முழுக்கப் படியுங்கள். நீங்கள் "நகை 6 பவுன்" என்றது அங்கே 2 பவுன் ஆகியிருக்கலாம், பெயர் விட்டுப்போயிருக்கலாம். வெறும் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்கள் இணையத்திலும் ஏறும், 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து அது நடைமுறை. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்களுக்கான இணையதளத்தில் தேடி எடுக்கலாம், சி.எஸ்.ஆர். நிலையும் அங்கேயே தெரியும்.

அதே தளத்தில் ஆன்லைனிலும் புகார் கொடுக்கலாம். மின்னணு முறையில் கொடுத்த தகவலுக்கு மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் அது எஃப்.ஐ.ஆராகப் பதிவாகும், இதை மறந்துவிட்டு "ஆன்லைன்ல போட்டேன், ஒண்ணும் நடக்கல" என்று சொல்கிறவர்கள் நிறைய. லைசென்ஸ், ஆர்.சி. புத்தகம், மார்க் ஷீட் போன்றவை தொலைந்துபோனதற்கு ஸ்டேஷனுக்கே போக வேண்டாம், தொலைந்த ஆவண அறிக்கையை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். போன் தொலைந்தால் புகார் ரசீதை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து முடக்கலாம். அந்த எண் போன் பெட்டியில் இருக்கும். போன் கையில் இருக்கும்போதே *#06# அடித்துப் பார்த்து எங்காவது எழுதி வைத்துவிடுங்கள், இப்போதே.

வாங்க மாட்டேன் என்றால்

சண்டை போடாதீர்கள். யார், எத்தனை மணிக்கு, என்ன சொல்லி மறுத்தார் என்று வெளியே வந்ததும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அதே மனுவை, "இந்தத் தேதியில் ஸ்டேஷனில் கொடுக்க முயன்றேன், வாங்கவில்லை" என்ற ஒரு பத்தி சேர்த்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு (எஸ்.பி.) தபாலில் அனுப்புங்கள். சென்னை, கோவை, மதுரை போன்ற மாநகரம் என்றால் ஆணையர் அலுவலகம். 173-ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவு தருகிற வழி இது, "எழுத்தில், தபாலில்" என்று சட்டமே சொல்கிறது. பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள், எனவே ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையும் கேட்டு அனுப்புங்கள், அந்த ரசீதைப் பொன்னாகப் பாதுகாத்து வையுங்கள். எஸ்.பி. அலுவலகத்தில் மனு வாங்கும் நாளில் நேரில் போய்க் கொடுப்பதும் நடைமுறையில் பலன் தருகிறது, ஸ்டேஷனுக்கு மேலிருந்து ஒரு போன் வந்தால் வேகமே தனி. ஆனால் நேரில் கொடுத்தாலும் தபாலிலும் ஒன்று போடுங்கள். முதல்வரின் முகவரி, 1100 என்ற எண்ணிலும் சொல்லலாம். அது ஒரு தட்டு தட்டிவிடும், சட்ட வழியில் அது ஒரு படி ஆகாது.

அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவர். 175-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவில் மனு போட்டால் வழக்குப் பதிந்து விசாரிக்க நடுவர் உத்தரவிடலாம். பழைய வக்கீல்கள் இன்னும் "156(3) பெட்டிஷன்" என்றுதான் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். இங்கே பிரமாணப் பத்திரம் வேண்டும், எஸ்.பி.க்கு அனுப்பியதற்கான சான்றும் வேண்டும். அந்தத் தபால் ரசீது இல்லாமல் இங்கே வந்து நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்காகத்தான் அவ்வளவு சொன்னேன்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா கோர்ட்டில் வட்டக் குழு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு, இவர்களுக்கு வருமானம் ஒரு பொருட்டே இல்லை. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. எண் 15100. மாதம் லட்சம் சம்பாதிக்கிற பெண்ணுக்கும் இது பொருந்தும் என்றால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

உங்களையே கூப்பிட்டால்

நீங்கள் புகார் கொடுத்தால் எதிர்த் தரப்பும் ஒன்று கொடுக்கும், இது எழுதப்படாத விதி. "சும்மா வந்துட்டுப் போங்க" என்று போனில் கூப்பிடுவார்கள். எழுத்தில் தாருங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சாட்சி சொல்லக் கூப்பிடுவது என்றால் பெண்கள், 15 வயதுக்குக் கீழும் 60 வயதுக்கு மேலும் உள்ள ஆண்கள், உடல்நலமில்லாதவர்கள் ஆகியோர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை, அவர்கள் இருக்கிற இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் என்று கூப்பிட்டால் 35-ஆம் பிரிவில் நோட்டீஸ் வரும். வந்தால் கட்டாயம் போங்கள், போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். இந்த நோட்டீஸை வாட்ஸ்ஆப்பில் அனுப்பக் கூடாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீடியோ காலில் யூனிபார்மோடு உட்கார்ந்து "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்பவன் திருடன். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை, போனை வைத்துவிட்டு 1930-க்கு அடியுங்கள்.

விசாரணையில் நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்வார்கள், அந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது 181-ஆம் பிரிவு. உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது, அது அரசியலமைப்புச் சட்டத்தின் 20-ஆவது கூறிலேயே இருக்கிறது.

கைதே நடந்துவிட்டால்: காரணம் என்ன என்று சொல்ல வேண்டும், வீட்டில் ஒருவருக்குத் தகவல் கொடுக்க வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்தோடு நேரம் எழுத வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், வழிப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், முழு நேரமும் கூடவே உட்கார வைத்துக்கொள்ள முடியாது. பெண்ணைப் பொழுது சாய்ந்த பிறகு விடிவதற்குள் கைது செய்யக் கூடாது. தவிர்க்கவே முடியாத நிலை என்றால் பெண் அதிகாரி நடுவரின் முன் அனுமதியோடு செய்ய வேண்டும். நடுவர் முன் நிறுத்தும்போது "அடித்தார்களா?" என்று கேட்டால், அடித்திருந்தால், அங்கேயே சொல்லிவிடுங்கள். பயத்தில் "இல்லை" என்று சொல்லிவிட்டுப் பிறகு மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுவது கடினமான பாதை.

எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு

இங்கே எல்லோரும் தளர்ந்துவிடுவார்கள், நானும் தளர்ந்தேன். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதுச் சட்டத்தின் 193-ஆம் பிரிவு சொல்கிறது. யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், காலண்டரில் குறித்து வைத்து நீங்கள்தான் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்டால் இன்னும் நல்லது. வண்டி கிடைக்கவே இல்லை என்றால் இன்சூரன்ஸுக்குக் "கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற சான்றிதழ் வேண்டும், அதற்கும் இதே ஸ்டேஷன்தான், எனக்கு அது கைக்கு வர ஏறக்குறைய ஏழு மாதம் ஆனது.

சில நேரம் ஒரு நோட்டீஸ் வரும், உங்கள் புகாரில் உண்மையில்லை, அல்லது பொருண்மைப் பிழை (நடந்ததைத் தவறாகப் புரிந்துகொண்டு கொடுத்த புகார்), வழக்கு முடிக்கப்பட்டது என்று. ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்பார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அதை எதிர்த்து நடுவரிடம் ஆட்சேப மனு போடலாம், மேலும் விசாரிக்கச் சொல்லி அவர் உத்தரவிடலாம். நோட்டீஸில் எத்தனை நாளுக்குள் என்று போட்டிருக்கும், கவரைப் பிரித்ததும் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள், பிறகு உங்களிடம் இருக்கிற சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, தபால் ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு வக்கீலையோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ பாருங்கள்.